கை எட்டும் உயரம்

வெள்ளிக் குடம் மார்புக்கு மேல் ஏறவில்லை. காலைத் திருமஞ்சனத்தின்போது (பெருமாளை நீராட்டும் சேவை) வழக்கம்போலக் குடத்தைத் தூக்கினேன். வலது தோளை யாரோ பின்னாலிருந்து பிடித்து நிறுத்தியதுபோல் கை பாதியில் நின்றது. இடது கையைக் கொடுத்து ஒருவாறு சமாளித்துவிட்டேன். பெருமாளைத் தவிர யாரும் பார்க்கவில்லை. அவர் வெளியில் சொல்லமாட்டார் என்று அன்று தைரியமாக இருந்தேன்.

தோள் எழும்பாமல் அவதிப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பயப்படாதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. நானும் நிறையப் பயந்தவன்.

நான் திருவள்ளூரில் கோயில் அர்ச்சகன். எங்கள் ஊருக்கு ஜனங்கள் நோய் தீரத்தான் வருவார்கள். அமாவாசையன்று சென்னையிலிருந்தும் ஆந்திரப் பக்கத்திலிருந்தும் வந்து இறங்கி, குளத்தில் வெல்லம் கரைத்து, உப்பும் மிளகும் கொட்டி வேண்டிக்கொள்வார்கள். அவர்கள் ஒவ்வொருவர் தலையிலும் சடாரி (பெருமாள் திருவடி பொறித்த வெள்ளிக் கிரீடம்) வைத்து அனுப்புவது என் வேலை. அதற்கு வலது கை வேண்டும். இடது கையால் வைத்தால் அது ஆசீர்வாதம் ஆகாது.

சில வாரங்களில் நிலைமை முற்றியது. குடுமி முடிய முடியவில்லை. நெற்றியில் திருமண் இட்டுக்கொள்ளக் கை எட்டவில்லை. இடது கையால் இட்டுப் பார்த்தேன். நாமம் கோணிக்கொண்டு ஒரு புருவத்தில் போய் முடிந்தது. என் மனைவி கோமளம் சிரிப்பை அடக்கிக்கொண்டு துடைத்துவிட்டு, அவளே இட்டுவிட்டாள். அன்று முதல் அது அவள் பொறுப்பாயிற்று. அந்தப் பக்கமாகப் படுத்தால் வலி உயிரை வாங்கியது.

ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. "பட்டருக்குக் கை விழுந்துடுத்தாமே" என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டதைக் கோமளம் காதால் கேட்டு வந்தாள். இந்தப் பேச்சை எளிதாக எடுத்துக்கொள்ள முடியாது. நோய் வந்த அர்ச்சகன் விலகி இருந்துவிட்டுத் திரும்பி வரலாம். அங்கக் குறை (உறுப்பில் நிலைத்துவிட்ட ஊனம்) உள்ளவன் பெருமாளைத் தொடக் கூடாது. என் கை இந்த இரண்டில் எந்தக் கணக்கில் சேரும் என்பதுதான் கேள்வி. சித்தப்பா பிள்ளை ரங்கன் என் முறையைப் பார்த்துக்கொண்டான். நல்லவன். "அண்ணா, தை அமாவாசைவரைக்கும் நான் பாத்துக்கறேன். அதுக்கு மேல பெரியவா என்ன சொல்றாளோ" என்றான். அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னதிலேயே பெரியவர்கள் என்ன சொல்வார்கள் என்பது தெரிந்துவிட்டது.

திருவள்ளூர் அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர் இளைஞர். என் சிறுநீரை ஒரு நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினார். அது செங்கல் நிறமாக மாறியது. நீரிழிவு (இரத்தத்தில் சர்க்கரை மிகும் நோய்) இருக்கிறது என்றார். சர்க்கரைப் பொங்கலிலேயே வளர்ந்த உடம்பு, அதனால் நான் அவ்வளவாக ஆச்சரியப்படவில்லை. பிறகு தோளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது உறைஞ்ச தோள் (மூட்டைச் சுற்றியுள்ள சவ்வு இறுகிப்போவது) சாமி. சர்க்கரை உள்ளவங்களுக்கு ஜாஸ்தியா வரும். கை விழலை. பூட்டிக்கிச்சு, அவ்வளவுதான்."

பூட்டிக்கொண்டது திறக்கும் அல்லவா? அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, "மருந்து கொடுங்கோ" என்றேன்.

"வலிக்கு மாத்திரை தரேன். மூட்டைத் திறக்கறது மாத்திரை இல்லை. சூடு குடுத்து, கையைப் பிடிச்சு, கொஞ்சம் கொஞ்சமா அசைச்சுப் பழக்கணும். அதுக்குன்னு படிச்சவங்க இருக்காங்க. பிசியோதெரபிஸ்ட்னு பேரு."

"அந்த உத்தியோகம் இங்கே காலியா இருக்கா?"

"காலியா இருந்தா யாரையாவது போடலாமே. இங்க அப்படி ஒரு நாற்காலியே போடலை. கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, எங்கேயும் இல்லை. மெட்ராஸ்தான் போகணும்."

வேப்பம்பட்டில் அரிசி மில் வைத்திருந்த ஒரு பக்தர், அமாவாசை தவறாமல் வருகிறவர், விஷயம் கேள்விப்பட்டார். சென்னையில் தனக்குத் தெரிந்த தனியார் நர்சிங் ஹோமுக்கு அனுப்பி, செலவையும் தானே ஏற்றுக்கொண்டார். ரயிலேறிப் போனேன். ஜன்னலுக்குத் திரை, தலைக்கு மேல் மின்விசிறி, எனக்கென்று ஓர் அறை. வெள்ளை உடுப்பில் ஓர் ஆங்கிலோ-இந்தியப் பெண்மணி வந்து, "குட் ஈவ்னிங் சாமியார்" என்றார். பெயர் மிஸ் ஐரீன். பம்பாயில் படித்துவிட்டு வந்தவர். நான் சாமியார் இல்லை, பெண்டாட்டி உள்ளவன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தோளைப் பிடித்துவிட்டார்.

அன்னியப் பெண் தொடுகிறாளே என்ற கூச்சம் சிறிது நேரம்தான் இருந்தது. வலி வந்ததும் கூச்சம் பறந்துவிட்டது. சிவப்பு விளக்கின் சூட்டைத் தோளில் காட்டினார். பிறகு கையைத் தன் கையில் ஏந்தி, அது எங்கே மறுக்கிறதோ அங்கே நிறுத்தி, காத்திருந்து, மறுபடி நகர்த்தினார். ஒரு மணி நேரம் என் தோள் ஒன்றுதான் அவருக்கு உலகமாக இருந்தது. வெளியே வந்தபோது நெற்றிவரை கை எட்டியது. ஸ்டேஷனில் நின்று என் நெற்றியை நானே தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

சில முறை போனேன். பிறகு மில்காரருக்கே வியாபாரத்தில் கஷ்டம் என்று காதில் விழுந்தது. அவர் போதும் என்று சொல்லவில்லை. நானாக நிறுத்திக்கொண்டேன். அடுத்தவர் தயவில் எத்தனை நாள் கையைத் தூக்குவது? டாக்டர்தான் சென்னைப் பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். அங்கே இலவசம். ஆனால் வாரத்துக்கு ஒருமுறைதான் முறை வரும்.

அந்தத் தாழ்வாரத்தை மறக்க முடியாது. நீண்ட பெஞ்சுகளில் கட்டுப்போட்ட கைகளும் கால்களும் காத்திருந்தன. என் பக்கத்தில் உட்கார்ந்தவன் தென்னை மரம்போல் உயரமானவன். எளாவூரில் லாரி ஓட்டும் முனுசாமி. வண்டியை எழுப்ப முன்பக்கத்தில் ஹேண்டில் போட்டுச் சுற்றும்போது அது எதிர்த்து உதைத்து, முன்கை எலும்பு முறிந்துவிட்டதாம். எலும்பு கூடிவிட்டது, முழங்கை மடங்கவில்லை.

"இன்னா சாமி, ஒங்களுக்கும் கையா?"

"தோள்ப்பா. எவ்வளவு நேரம் ஆகும்?"

"உள்ளே ரெண்டே பேர்தான் கீறாங்க. இம்மாம் ஜனத்தையும் அவங்கதான் பாக்கணும். பேஜாரு புடிச்ச வேலை. நான் எளாவூர்லேர்ந்து வரேன், கும்மிடிப்பூண்டில ரயிலு புடிச்சி. நம்ம ஊர்ல செக்போஸ்ட்டு போட்டாங்க, லாரிய நிறுத்தி நிறுத்திக் கேக்கறாங்க. கைய நீட்டி மடக்க ஒரு ஆளு போடல. மடங்காதது முழங்கைதான சாமி, அத்த மட்டும் ரயில்ல அனுப்ப முடியுதா? முழு ஆளும் ஏறி வரணும்."

அவன் சொன்னதில் எல்லாம் அடங்கியிருந்தது. மருந்து என்றால் புட்டியில் அடைபட்டு ரயிலேறி எங்கள் ஊருக்கு வந்துவிடும். பழகிய கை அப்படி வராது. அது எங்கே இருக்கிறதோ அங்கே நாம் போகவேண்டும். திருவள்ளூர் ரயிலும் கும்மிடிப்பூண்டி ரயிலும் வேறு வேறு தடத்தில் வந்து எங்கள் இருவரையும் ஒரே பெஞ்சில் சேர்த்துவிட்டன.

என் முறை வந்து உள்ளே போனால், அங்கே மிஸ் ஐரீன்.

என் முகத்தில் என்ன தெரிந்ததோ, அவராகவே சொன்னார்: "காலைல இங்க, சாயங்காலம் அங்க. நான் ஒரே ஆள்தான் சாமியார். அங்க உனக்கு ஒன் அவர். இங்க டென் மினிட்ஸ். என்ன செய்றது? எனக்கும் வீட்டு வாடகை இருக்கு, அம்மா இருக்கு."

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அதே கைகள், காலையில் பலருக்குப் பங்கிடப்பட்டு, மாலையில் ஓரிருவருக்கு முழுதாகக் கிடைக்கின்றன. அந்தப் படிப்புப் படித்தவர்களே நாட்டில் சொற்பம். அவர்களும் பட்டணத்தை விட்டு வெளியே வர வழியில்லை, வந்தால் உட்கார நாற்காலியில்லை. அவரைக் குறை சொல்லி என்ன பயன்?

நேரம் போதாததை அவர் வேறு விதமாகச் சமாளித்தார். எங்களையெல்லாம் சுவரோரம் வரிசையாக நிறுத்தினார். இரண்டு விரல்களைச் சுவரில் வைத்து, நண்டு ஏறுவதுபோல் மேலே ஏற்ற வேண்டும். முடிகிற இடத்தில் நிறுத்தி, மூச்சு விட்டு, இன்னும் ஒரு விரற்கடை. "வீட்டில டெய்லி செய்யணும். சுவர் இலவசம்" என்றார். முனுசாமி, "சாமி, பல்லிகூட நம்மளப் பாத்து சிரிக்கும்" என்றான். சிரித்ததில் கை கொஞ்சம் கூடவே ஏறியது.

வீட்டிலும் சுவரில் ஏற்றினேன். ஆனால் ஒவ்வொரு வாரமும் மிஸ் ஐரீன் கையைத் தூக்கிப் பார்த்து முகம் சுளித்தார். போன வாரம் திறந்த தோள் இந்த வாரம் பழையபடி இறுகியிருந்தது. "எக்சர்சைஸ் செய்றியா இல்லையா?" என்று கேட்டார். செய்கிறேன் என்றேன். "வீட்டுக்குப் போய் வேற என்ன செய்ற?" ஒன்றுமில்லை என்றேன். பொய் இல்லை, அப்படித்தான் நினைத்தேன். தை அமாவாசை நெருங்கிக்கொண்டிருந்தது. இது திறக்கிற பூட்டு இல்லை, குறைதான் என்று மனசு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. ஒருநாள் ரயிலில் வரும்போது கண் கலங்கிவிட்டது. எதிரில் இருந்தவர் கரித்தூள் விழுந்துவிட்டதா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அடுத்த வாரம் கோமளமும் என்னுடன் வந்தாள். தாழ்வாரத்தில் நேரம் ஆக ஆக அவளுக்குப் பொறுக்கவில்லை. உள்ளே போனதும் மிஸ் ஐரீனிடம் நேராகவே கேட்டாள்:

"அம்மா, கொஞ்சம் சீக்கிரம் முடிச்சு அனுப்புங்கோ. இவர் ஊருக்குப் போய்க் குளத்துல முழுகிட்டுத்தான் ஆத்துக்குள்ள வருவார். ஈர வேஷ்டி, ஈரத் துண்டோட ஜபம் வேற. எல்லாம் முடிஞ்சுதான் சாப்பாடு. சர்க்கரை உடம்பு, தாங்கலை."

மிஸ் ஐரீன் என் கையை விட்டுவிட்டார். "குளத்திலயா? இந்தத் தோளோடயா? எப்போ?"

"ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்தா தலைமுழுகாம எப்படி?" என்றேன். எனக்கு அவர் கேள்விதான் விசித்திரமாக இருந்தது. ஆஸ்பத்திரித் தீட்டு, ரயில் தீட்டு எல்லாம் போகக் குளத்தில் முழுகுவது எங்களுக்கு மூச்சு விடுவதுபோல. 'வேற என்ன செய்ற' என்று கேட்டால் மூச்சு விடுகிறேன் என்றா சொல்வோம்?

"மார்கழிக் குளிர் மேன்! நான் இங்க சூடு குடுத்து லூஸ் பண்ணி அனுப்பறேன். நீ நேரா போய் ஐஸ் தண்ணில போட்டு, ஈரத் துணியை மேல போட்டு, மறுபடி டைட் பண்ணிக்கிட்டு வர்ற."

நான் வாதாடினேன். முழுகாமல் வீட்டுக்குள் நுழைய முடியாது என்றேன். அப்போது கோமளம் குறுக்கிட்டாள்.

"ஏன்னா, ஆதுரனுக்கு (நோயாளிக்கு) வெந்நீர் ஸ்நானம் தோஷமில்லைன்னு அமாவாசைக்கு வரவாளுக்கெல்லாம் நீங்கதானே சொல்றேள்?"

"அது நோயாளிக்கு."

"நீங்க யாரு?"

ஊருக்குத்தான் உபதேசம். அவள் கேட்டது என்னைச் சரியான இடத்தில் குத்தியது. நோயாளி என்று ஒத்துக்கொள்ள நான் மறுத்துக்கொண்டிருந்தேன். வெந்நீரில் குளித்தால் ஊர் பார்க்கும், பட்டர் படுத்துவிட்டார் என்று பேசும் என்ற பயம். அதனால் வீம்பாகக் குளத்தில் முழுகி, எல்லாம் சரியாக இருப்பதாகக் காட்டினேன். நோய் என்றால் திரும்பி வரலாம், குறை என்றால்தான் வர முடியாது என்று தெரிந்த நானே, நோயை மறைத்து அதைக் குறையாக்கிக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை கொல்லைப்புறத்தில் கோமளம் வெந்நீர் போட்டாள். குளித்துத் துவட்டி, உலர்ந்த வேஷ்டி கட்டிக்கொண்டேன். வாணலியில் கல் உப்பை வறுத்து மூட்டை கட்டித் தோளில் ஒத்தடம் கொடுத்தாள். அதன்பிறகு சுவர். ரங்கன் எட்டிப் பார்த்தான். "நான் நோயாளிடா" என்றேன். அவன், "அதான் எல்லாருக்கும் தெரியுமே அண்ணா" என்றான்.

எல்லாம் வெந்நீரால் ஆயிற்று என்று சொல்லமாட்டேன். டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தது ஒரு பங்கு, நாள் போனது ஒரு பங்கு என்றார். ஆனால் அதற்குப் பிறகு திறந்தது மறுபடி மூடவில்லை. ஒரு வாரம் மிஸ் ஐரீன் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்தவரிடம் போய்விட்டார். அவரிடம் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. முனுசாமியும் மடங்கிய கையால் பீடி பற்றவைத்துக் காட்டிவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தான்.

தை அமாவாசைக்குக் கை முழுதாக எழும்பவில்லை. பெரியவர்கள் பார்த்தார்கள். அசைகிறது, கூடிக்கொண்டு வருகிறது, ஆகவே நோய்தான் என்று ஒப்புக்கொண்டார்கள். பெருமாளைத் தொடாத வேலையாக, ஒரு சின்ன சந்நிதியில் சடாரி வைக்க விட்டார்கள். முதலில் என் கை குழந்தைகளின் தலைவரைக்கும்தான் போனது. வளர்ந்தவர்கள் எனக்காகக் குனிந்தார்கள். மாசியில் பெண்களின் தலை எட்டியது. பங்குனியில் ஆண்கள். என் நோய் குறைந்த கணக்கை நான் இப்படித்தான் வைத்திருந்தேன். கோடையில் மறுபடி கர்ப்பக்கிருகத்துக்குள் போனேன். அன்று கோமளம் இட்டுவிட வந்த திருமண்ணை வாங்கி நானே இட்டுக்கொண்டேன். கொஞ்சம் கோணல்தான். அவள் துடைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். எங்கள் டாக்டர் மிஸ் ஐரீனை ஒரு நாளாவது திருவள்ளூருக்கு வரவழைக்கப் பார்த்தார். எந்த நாள் என்று குழம்பினார். கோமளம்தான், "அமாவாசைக்கு வரச் சொல்லுங்கோ. நோயாளியெல்லாம் அன்னிக்குத் தானாவே ஊருக்கு வரா" என்றாள். அமாவாசை ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் அவர் வருகிறார். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் டாக்டர் ஒரு பெஞ்சு போட்டிருக்கிறார். சர்க்கார் நாற்காலி இன்னும் வரவில்லை. கேட்டு எழுதியிருக்கிறார், வரும் என்கிறார். எனக்கும் நம்பிக்கை இருக்கிறது. மற்ற அமாவாசைகளில் ஜனங்கள் வெல்லம் கரைத்துவிட்டு அப்படியே போய்விடுகிறார்கள்.

என் உடம்பு பழைய உடம்பு இல்லை. மழை வருவது தோளுக்கு முன்கூட்டித் தெரிகிறது. குடத்தைத் தூக்கும்போது ஒரு கணம் நின்று, தோளைக் கேட்டுக்கொண்டுதான் தூக்குகிறேன். முன்பெல்லாம் வரிசையில் தலைகளைத்தான் பார்ப்பேன். இப்போது கண் முதலில் தோள்களுக்குப் போகிறது. யார் கும்பிடும்போது ஒரு கை பின்தங்குகிறது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடுகிறது.

போன அமாவாசை, வேலை நாள். மிஸ் ஐரீன் வரவில்லை. பழவேற்காட்டுப் பக்கத்துப் பெண் ஒருத்தி தீர்த்தத்துக்கு இடது கையை நீட்டினாள். பின்னால் இருந்தவர் அதட்டினார். அவள் வலது கையை எடுக்கப் பார்த்தாள். அது வயிற்றருகே நின்றுவிட்டது.

"எப்போலேர்ந்தும்மா?" என்று கேட்டேன்.

"மழைக்கு முன்னேயே சாமி. மீன் கூடையத் தூக்க முடியல. மீனு விக்கப் போவல. இன்னா வேண்டிக்கணும்னு சொல்லுங்க, செஞ்சிட்றேன்."

"வேண்டினது போதும்மா. வீட்டுல சுவர் இருக்கோ?"

அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். "குடிசதான் சாமி. மண்ணு சொவரு."

"மண் சுவர் போதும்."

சடாரியைத் தட்டில் வைத்துவிட்டுத் தூணருகே போனேன். இரண்டு விரல்களை வைத்து ஏற்றிக் காட்டினேன். ரங்கன் உள்ளிருந்து தொண்டையைக் கனைத்தான். வரிசையில் முணுமுணுத்தார்கள். அவள் தூணின் மறுபக்கம் விரல்களை வைத்தாள். மார்பு உயரத்தில் நின்று, பல்லைக் கடித்தாள்.

"அங்கேயே இருக்கட்டும். மூச்சு விடு. இப்போ இன்னும் கொஞ்சம்."

"ரொம்ப நாளாவுமா சாமி?"

"ஆகும். ஆனா எழும்பும்."

வரிசை காத்திருந்தது. பெருமாளும் காத்திருந்தார். அவள் விரல் தூணில் ஒரு விரற்கடை ஏறியது.